ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லையா? கேபிள் நட்டை முறுக்குவதற்கு முன்னால்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹேண்ட்பிரேக் நிற்கவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் வண்டிக்கு அடியில் படுத்து, கேபிள் நட்டை நாலு சுற்று முறுக்கிவிடுவார்கள். லீவர் உடனே இறுக்கமாகிவிடும், வேலை முடிந்த மாதிரியும் தெரியும். உண்மையில் கோளாறு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது.

டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் இருந்து விரிந்து அதை உரசிப் பிடிக்கும் வளைந்த கட்டைகள்தான் ஷூக்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கத் தனி அட்ஜஸ்டர் உண்டு. கேபிளுக்கு அந்த வேலை கிடையாது. லீவரின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதோடு அது நிற்க வேண்டும். கேபிளை இழுத்துக் கட்டினால், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலையிலும் டிரம்முக்குள் இருக்கும் லீவர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது. ஷூ அட்ஜஸ்டரில் சரியாக உட்காராமல் தூக்கியே நிற்கும். இதனால் ஒரு சக்கரம் உரசிச் சூடாகலாம், லைனிங் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டை) ஒரே முனையில் தேயலாம். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அந்த அட்ஜஸ்டர் வேலையே செய்யாமல் நின்றுபோகும். அதற்குப் பிறகு கால் பிரேக்கும் கெடத் தொடங்கும்.

அதனால் வேலையின் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் சக்கரம், பிறகு இணைப்புகள், பிறகு கேபிள், கடைசியில் லீவர். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

ஹேண்ட்பிரேக் வண்டியை நிறுத்தி வைக்க மட்டும்தானே என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. 1962-ல் வந்த எம்ஜிபி, அதே ஆண்டு வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டிலுமே ஆரம்பகால வண்டிகளில் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) பிரேக் ஒற்றைச் சுற்றுதான், அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. ஒரு ஹோஸ் வெடித்தாலோ ஒரு வீல் சிலிண்டர் (பிரேக் திரவ அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் பாகம்) ஒழுகினாலோ நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அப்போது மிச்சம் இருப்பது கேபிளில் இயங்கும் இந்த ஒரே பிரேக். பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனையில் ஹேண்ட்பிரேக் திறனுக்கு, வண்டி எடையில் இரட்டைச் சுற்று வண்டிகளில் 16 சதவீதமும் ஒற்றைச் சுற்று வண்டிகளில் 25 சதவீதமும் கேட்பதன் காரணமும் இதுவே. 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அங்கே அந்தச் சோதனை கட்டாயமில்லை. சோதிக்கிறவர் இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். எம்ஜிபி (பின்புறம் 10 அங்குல டிரம்), டிரையம்ஃப் டிஆர்6 (9 அங்குலம்), ஸ்பிட்ஃபயர், டாட்சன் 240இசட் எல்லாவற்றிலும் கால் பிரேக்கின் அதே ஷூக்களைத்தான் ஹேண்ட்பிரேக்கும் விரிக்கிறது. போர்ஷே 911-இல் பின் டிஸ்க்கின் நடுப்பகுதியே ஒரு சின்ன டிரம், அதற்குள் ஹேண்ட்பிரேக்குக்கு மட்டுமான தனி ஷூக்கள். ஜாகுவார் இ-டைப்பில் பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரென்ஷியலை (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஒட்டி உள்ளே இருக்கின்றன. ஹேண்ட்பிரேக்குக்கு அங்கே தனியாகச் சின்ன காலிப்பர்கள் (டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகங்கள்). ஃபியட் 124 ஸ்பைடரில் கால் பிரேக்கின் காலிப்பரையே ஒரு லீவர் கேபிள் வழியாக இறுக்குகிறது. கீழே வருவதில் பெரும்பகுதி டிரம் பற்றியது. மற்ற மூன்றுக்கும் உரியதைத் தனியாகச் சொல்கிறேன்.

லீவரின் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஜிஏ, ஆஸ்டின்-ஹீலி, டிஆர்3 போன்றவற்றில் 'ஃப்ளை-ஆஃப்' லீவர் இருக்கும். சாதாரண லீவருக்கு நேர் எதிராக இயங்குவது அது. இழுத்துப் பட்டனை அழுத்தினால்தான் பூட்டும், சற்று இழுத்துவிட்டால் தானே விடுபட்டுக் கீழே போய்விடும். இது தெரியாமல் 'பல் தேய்ந்துவிட்டது, நிற்கவே மாட்டேன் என்கிறது' என்று லீவரைக் கழற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

லீவரை இழுக்கும்போது கையில் தெரிவது

சரியாக உள்ள ஹேண்ட்பிரேக் 3 முதல் 5 பல்லுக்குள் (லீவர் ஏறும்போது கேட்கும் ஒவ்வொரு 'கிளிக்'கும் ஒரு பல்) கெட்டியாகிவிடும். அதற்கு மேல் போனால் எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது. ஆனால் எத்தனை பல் என்பதைவிட, கடைசியில் கைக்கு எப்படித் தெரிகிறது என்பதில்தான் விஷயம் அதிகம்.

கடைசிவரை ரப்பரை இழுப்பது போலத் தொய்வாக இருந்தால், கேபிள் உறை அமுங்குகிறது, உறையைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வளைகிறது, அல்லது புது ஷூவின் லைனிங் நடுவில் மட்டும் டிரம்மைத் தொட்டு ஷூவே வளைந்து கொடுக்கிறது. லீவர் கல்லு மாதிரி கெட்டியாகியும் வண்டி உருண்டால், லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது அது பளபளப்பேறிப் போயிருக்கும். வழியில் ஏதோ துருப்பிடித்து இறுகி, உங்கள் கையின் பலத்தை அதுவே தின்றுகொண்டிருக்கவும் கூடும். எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்துவிட்டால் கேபிள் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் ஒரு பின் கழன்று விழுந்திருக்கிறது. நன்றாக நின்ற வண்டி லீவரை லேசாகத் தட்டியதும் உருண்டால், கோளாறு ராட்செட்டில் (லீவரை இழுத்த இடத்தில் பிடித்து வைக்கும் பல்தகடும் கொக்கியும்).

பாதியாகப் பிரித்துச் சோதிப்பது

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கையும் கியரையும் விடுவித்து வேலை செய்யப் போவதால் வண்டியைப் பிடித்திருக்கப்போவது அந்தக் கட்டைகள் மட்டுமே. பின்பக்கத்தைத் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட அடியில் விடாதீர்கள். இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றாமல் தடுக்கும் வகை) உள்ள வண்டியில் இது கட்டாயம்.

ஹேண்ட்பிரேக் முழுதும் விடுபட்ட நிலையில் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். பிறகு ஒரு பல் இழுத்து இரண்டையும் சுற்றிப் பாருங்கள், இரண்டாவது பல், மூன்றாவது பல் என்று போங்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பல்லில் உரசத் தொடங்கி ஒரே பல்லில் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் சும்மா சுற்றினால், கோளாறு லீவரில் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, பேக் பிளேட்டின் (டிரம்மின் பின்பக்கத்தை மூடி ஷூக்களைத் தாங்கும் தகடு) பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவரிலிருந்து கிளெவிஸ் பின்னை (கேபிள் முனையை லீவரோடு இணைக்கும் சிறு ஆணி) கழற்றி, கேபிளைப் பிரியுங்கள். அந்த லீவரைக் கையால் இழுத்துவிடுங்கள். தடையில்லாமல் நகர்ந்து, விட்டதும் சட்டென்று திரும்பினால் டிரம்முக்குள் உள்ள பாகங்கள் இயங்குகின்றன. மெதுவாகத் திரும்பினாலோ திரும்பவே இல்லை என்றாலோ டிரம்மைக் கழற்றியாக வேண்டும். இரண்டு பக்கமும் கேபிள் பிரிந்திருக்கும் இதே நிலையில் உள்ளே போய் ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். சக்கரம் இணையாதபோதும் லீவர் கனமாக இருந்தால், இறுகியிருப்பது கேபிள் அல்லது அதன் வழியில் உள்ள ஏதோ ஒரு பிவட் (லீவர் சுழலும் அச்சு). பத்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் புதுக் கேபிள் வாங்குவது வீண் செலவு.

டிரம்மைக் கழற்றியதும்

கழற்றுவதற்கு முன் அட்ஜஸ்டரை முழுதும் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். ஷூ உள்ளே வராமல் டிரம் அதைத் தாண்டி வெளியே வராது. துருவில் ஒட்டியிருந்தால் தோல் அல்லது செம்புச் சுத்தியலால் டிரம்மின் முகத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பேக் பிளேட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். பேக் பிளேட் வளைந்தால் ஷூக்கள் இனி நேராக உட்காராது.

தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நன்றாக நனைத்து, ஈரமாகவே துடைத்து எடுத்து மூடிய பையில் போடுங்கள்.

லைனிங் நனைந்திருந்தால், நனைத்தது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கந்தக வாடையோடு கெட்டியான எண்ணெய் என்றால் ஆக்சிலின் ஹப் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போயிருக்கிறது. மெல்லியதாக, பெயின்ட்டைக் கிளப்பும் திரவம் என்றால் வீல் சிலிண்டர். ஹப் சீலை மாற்றும்போது ஆக்சிலின் காற்றுத்துளையையும் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் ஓட்டத்தில் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வந்துவிடும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினாலும் நெருப்பில் காட்டினாலும் பயனில்லை. சூடானதும் ஆழத்தில் உள்ள எண்ணெய் மேலே வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தாலும் இரண்டு பக்கத்து ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஒட்டிய லைனிங் 1.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. ரிவெட் அடித்ததில் ரிவெட்டின் தலை டிரம்மைத் தொடுவதற்குள் மாற்றியாக வேண்டும். பளபளப்பேறிய லைனிங் நல்ல கனமாக இருந்தால், கரடான எமரித் தாளால் மேல்தோலை எடுத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம்.

புது ஷூ போட்ட பிறகு ஹேண்ட்பிரேக் முன்னைவிட மோசமானது என்ற புகார் அடிக்கடி எழும். டிரம் தேய்ந்தோ லேத்தில் கடைந்தோ அதன் விட்டம் கூடியிருக்கும், புது லைனிங்கின் வளைவோ பழைய விட்டத்துக்கு ஏற்றது. அதனால் லைனிங்கின் நடுவில் ஒரு விரற்கடை மட்டும் தொடுகிறது. லைனிங் முழுக்கச் சாக்பீஸ் பூசி, டிரம்மை மாட்டி, ஹேண்ட்பிரேக்கை லேசாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. கொஞ்சம் வித்தியாசம் என்றால் ஓட ஓடச் சரியாகும். அதிகம் என்றால் லைனிங்கை அந்த டிரம்மின் அளவுக்குக் கடைந்து பொருத்த வேண்டும்.

அட்ஜஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டிகளில் அதிகம் புறக்கணிக்கப்படும் பாகம் இதுதான். பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலையோடு நீட்டிக்கொண்டிருக்கும், பல வருட மண்ணும் துருவும் மேலே படிந்திருக்கும். சாதாரண ஸ்பேனரைப் போட்டால் சதுரம் உருண்டுபோகும். அதற்கென்று உள்ள பிரேக் அட்ஜஸ்டர் ஸ்பேனர்தான் வேண்டும். முந்தைய நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். டிரம்மைக் கழற்றியிருக்கும்போது அட்ஜஸ்டரை முழுதும் வெளியே எடுத்து, மரையையும் ஆப்புப் போன்ற முனையையும் சுத்தம் செய்து, செம்பு கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். ஆப்பு தள்ளும் இரண்டு சின்னத் துண்டுகளின் சாய்ந்த முகம் ஆப்பைப் பார்த்தே இருக்க வேண்டும். இடம் மாறினால் அட்ஜஸ்டர் சுற்றும், ஷூ நகராது.

டிரையம்ஃப் வண்டிகளில் உள்ள கர்லிங் (Girling) நிறுவனப் பிரேக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அங்கே வீல் சிலிண்டரில் பிஸ்டன் ஒன்றுதான். சிலிண்டரே பேக் பிளேட்டில் உள்ள நீள்துளையில் முன்னும் பின்னும் வழுக்கி நகர்வதால்தான் இரண்டாவது ஷூவும் டிரம்மைத் தொடுகிறது. ஹேண்ட்பிரேக் லீவரும் அந்தச் சிலிண்டரோடு சேர்ந்தே இயங்குகிறது. துளையின் ஓரம் துருவேறிச் சிலிண்டர் இறுகிவிட்டால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், ஹேண்ட்பிரேக் பலம் பாதியாகிவிடும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் தகடுகளைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் வரிசை முக்கியம். உரசும் இடங்களை மெல்லிய எமரியால் தேய்த்து, ரப்பருக்குக் கேடில்லாத பிரேக் கிரீஸை மெல்லப் பூசுங்கள். பூட்டி முடித்ததும் சிலிண்டர் கட்டைவிரல் அழுத்தத்தில் நகர வேண்டும். நகரவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

ஷூவின் முனைகள் உட்காரும் இடங்கள், ஷூவின் ஓரம் பேக் பிளேட்டில் உரசும் சின்ன மேடுகள், உள் லீவரின் பிவட் ஆகியவற்றுக்கும் அதே கிரீஸ் ஒரு தொட்டுப் போதும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குகள் துவண்டிருந்தால் புதிது போடுங்கள். இடது, வலது லீவர்கள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் மாற்றிப் போட்டாலும் உட்கார்ந்துவிடும், ஆனால் கேபிள் இழுக்கும் கோணம் தவறிப்போகும்.

அட்ஜஸ்ட் செய்யும் முறை

கேபிள் நன்றாகத் தளர்ந்திருக்கட்டும். நட்டைத் தளர்த்த வேண்டியிருந்தால் தளர்த்துங்கள். இனி டிரம்மின் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை இறுக்குங்கள். கால் பிரேக்கை இரண்டு மூன்று முறை பலமாக மிதியுங்கள், ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும். மறுபடி அட்ஜஸ்டரைத் தொட்டால் இன்னும் கொஞ்சம் இறுகும். இறுக்கிவிட்டு, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிளிக்கில் விடுபடும். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் 'சர்' என்று உரசினால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. அதற்காக மேலும் தளர்த்தினால் ஹேண்ட்பிரேக் போய்விடும். டிரம்மைத்தான் கவனிக்க வேண்டும்.

பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக் கோளாறு இத்தோடு முடிந்துவிடும், கேபிளைத் தொட வேண்டிய தேவையே வராது.

பின்களும் சமன் செய்யும் பாகமும்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லீவரின் பிடியிலிருந்து பிவட் வரை 300 மில்லிமீட்டர், பிவட்டிலிருந்து கேபிள் மாட்டும் இடம் வரை 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கேபிள் 1 மில்லிமீட்டர் நகரக் கை 6 மில்லிமீட்டர் நகர வேண்டும். கிளெவிஸ் பின் அரை மில்லிமீட்டர் தேய்ந்து, அது நுழையும் துளை அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் ஓர் இணைப்பில் 1 மில்லிமீட்டர் போச்சு. வரிசையாக இப்படி நாலு இணைப்பு என்றால் லீவர் முனையில் 24 மில்லிமீட்டர் வீண். கேபிள் புதிதாக இருந்தும் லீவர் உயரே வருவதற்கு இதுவே காரணமாக இருக்கும். கிளெவிஸ் பின் மலிவான பொருள். தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஸ்பிளிட் பின்னையும் புதிதாகவே போடுங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் லீவரை மாற்ற வேண்டும், அல்லது துளையை வெல்டால் அடைத்துத் திரும்பத் துளையிட வேண்டும்.

இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைச் சமமாகப் பங்கிடும் சமன் லீவர் அச்சில் தாராளமாக ஆட வேண்டும். சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் மண்ணும் நேராகப் படும் இடம் என்பதால் அது எளிதில் இறுகிவிடும். ஹேண்ட்பிரேக்கை இழுத்த நிலையில் அது ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தின் அட்ஜஸ்ட்மென்ட்டைத் திரும்பப் பாருங்கள்.

பேக் பிளேட் லீவரின் கோணமும் முக்கியம். முழுதும் இழுத்த நிலையில் கேபிளும் லீவரும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் இழுவை வீணாகாது. லீவர் அதைத் தாண்டிப் போயிருந்தால் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் ஷூவுக்குப் போகும் பலம் குறைந்துகொண்டே வரும்.

இனிமேல்தான் கேபிள்

இரண்டு முனையையும் பிரித்து உள்கம்பியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பெரும்பாலும் உறையின் தாழ்ந்த வளைவில் தண்ணீர் தங்கித் துருப்பிடித்திருக்கும். கேபிளை வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, மேல்முனையில் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்தால் சிலது பிழைத்துக்கொள்ளும். உள்கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் பிழைக்க வைக்க முயலாதீர்கள். எம்ஜிபி போன்ற சில வண்டிகளின் கேபிள் உறையில் கிரீஸ் நிப்பிள் உண்டு. அதை வருடக்கணக்கில் யாரும் தொடுவதே இல்லை. சர்வீஸின்போதெல்லாம் கிரீஸ் அடித்தால் கேபிள் நெடுங்காலம் உழைக்கும். உள்ளே நைலான் குழாய் உள்ள புதிய வகைக் கேபிளுக்குக் கிரீஸ் வேண்டாம், அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொருவரை லீவரை இழுக்கச் சொல்லி, ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் அடியில் உறையின் முனைகளைக் கவனியுங்கள். உறையைத் தாங்கும் பிராக்கெட் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் அந்த அசைவு கேபிளுக்குப் போய்ச் சேராது. தரைத்தகடு துருப்பிடித்த வண்டிகளில் பிராக்கெட் தகட்டோடு சேர்ந்தே அசைவதைப் பார்க்கலாம். அங்கே தேவை வெல்டிங்.

கேபிள் நீளத்தை, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் உயரத்திலேயே சரிசெய்யுங்கள். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள ஸ்பிட்ஃபயர் போன்றவற்றில் சக்கரங்கள் தொங்கும்போது கேபிளின் பாதை மாறிவிடும். தொங்கும் நிலையில் கச்சிதமாக வைத்தது, வண்டி இறங்கியதும் தளர்ந்திருக்கும் அல்லது இறுகியிருக்கும். ஸ்டாண்டுகளைச் சக்கரத்துக்கு அருகே சஸ்பென்ஷனுக்குக் கீழேயே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எம்ஜிபியில் லீவரின் கீழ்முனையில், வண்டிக்கு அடியில், பித்தளை அட்ஜஸ்டிங் நட் இருக்கிறது. சுற்றும் முன் மரையைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். கேபிள் முனை கூடவே முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பல்லில் சக்கரம் சும்மா சுற்ற வேண்டும், இரண்டு மூன்றில் உரச வேண்டும், நாலு ஐந்தில் கையால் சுற்ற முடியக் கூடாது. விடுவித்ததும் கேபிளில் மிகச் சிறிய தளர்வு இருக்க வேண்டும். பூட்டு நட் உள்ள வண்டியில் அதை இறுக்க மறக்க வேண்டாம்.

லீவரின் ராட்செட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொக்கியின் பல் மழுங்கியிருந்தால் கொக்கியையும் பல்தகட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அரத்தால் கூர் தீட்டினால் மேலே உள்ள கெட்டிப்படுத்திய தோல் போய் இன்னும் வேகமாகத் தேயும். பட்டனின் ஸ்பிரிங்கும் பிவட் போல்ட்டும் கவனிக்க வேண்டியவை.

டிஸ்க் உள்ள வண்டிகள்

911-இல் உள்ள சின்ன ஷூக்கள் ஓட்டத்தில் ஒருபோதும் உரசுவதில்லை. அதனால் தேய்வதில்லை, அதனாலேயே துருவும் பளபளப்பும் ஏறும். டிஸ்க்கில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரால் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டிஸ்க் பூட்டியதும் தடையின்றிச் சுற்றும் வரை பின்னால் விடுங்கள். இங்கேயும் கேபிள் தளர்ந்திருந்தால்தான் அளவு சரியாக வரும்.

இ-டைப்பில் உள்ளே இருக்கும் டிஸ்க்குகளின் சூடு டிஃபரென்ஷியலின் சீல்களை வாட்டி எடுக்கும். அங்கிருந்து கசியும் எண்ணெய் நேராக டிஸ்க்கிலும் பேடிலும் படும். ஹேண்ட்பிரேக் காலிப்பரில் தானே சரிசெய்யும் ராட்செட் உண்டு, பயன்படுத்தாமல் விட்டால் அது இறுகிப்போகும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் 0.004 அங்குல, அதாவது 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளவெடுத்துத் தொடக்க நிலையை அமையுங்கள். பிறகு லீவரைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டால் ராட்செட் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். பேடுகளைப் பின்னால் இழுக்கும் தகட்டு விரல்கள் வளைந்திருந்தால் பேடு உரசிக்கொண்டே இருக்கும். இந்த வேலையைச் செய்ய, பின்பக்கச் சஸ்பென்ஷன் கூட்டையே இறக்கிவிடுவது நல்லது. கை நுழையாத இடத்தில் அரைகுறையாக முடிப்பதில் அர்த்தமில்லை.

காலிப்பரிலேயே ஹேண்ட்பிரேக் லீவர் உள்ள வகையில், பேடு மாற்றும்போது பிஸ்டனைச் சி-கிளாம்ப் போட்டு நேராக அமுக்காதீர்கள். உள்ளே திருகு இயக்கம் இருக்கிறது, பிஸ்டனைச் சுற்றியே உள்ளே அனுப்ப வேண்டும். காலிப்பர் லீவர் தன் நிறுத்தத்தைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் கேபிள் இறுக்கம் அதிகம், அல்லது லீவரின் தண்டு துருவேறியிருக்கிறது.

டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கில் இன்னோர் ஆபத்து உண்டு. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சூடான டிஸ்க் சற்றே தடித்திருக்கும். நிறுத்தியபின் அது ஆறிச் சுருங்கும்போது பேடின் பிடி தளரும். நின்ற வண்டி அரை மணி கழித்துத் தானாக உருளத் தொடங்கலாம். டிரம்மில் இது தலைகீழ், ஆறும் டிரம் ஷூவின் மேல் சுருங்கிப் பிடியைக் கூட்டும். ஆகவே டிஸ்க் வகை வண்டியைச் சரிவில் சூட்டோடு நிறுத்தினால் இன்னும் ஒரு பல் கூடுதலாக இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள்.

பழக்குதலும் சோதனையும்

புது லைனிங்கை டிரம்மோடு பழக்க வேண்டும். காலியான நேர்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், லீவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே (ஃப்ளை-ஆஃப் லீவரில் பட்டனைத் தொடாமல்) மெதுவாக இழுத்து, சில நூறு மீட்டர் லேசான உரசலோடு ஓட்டுங்கள். ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சாதாரண லீவரில் பட்டனை விட்டால் சக்கரம் பூட்டி வண்டி திரும்பிவிடக்கூடும். ஹேண்ட்பிரேக் இழுத்தால் பின்னால் பிரேக் விளக்கு எரியாது என்பதால் பின்னே வண்டி வராத இடமாக இருக்கட்டும்.

அடுத்தது சரிவில் சோதனை. 16 சதவீதச் சரிவில் 1,000 கிலோ வண்டியைப் பிடித்து வைக்க ஏறத்தாழ 160 கிலோ விசை வேண்டும். மூக்கு மேலே இருக்கும்படி ஒரு முறையும் கீழே இருக்கும்படி ஒரு முறையும் நிறுத்திப் பாருங்கள், கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். திசை மாறும்போது ஷூக்கள் சற்று நகர்ந்து மறுமுனையில் முட்டுவதால் வண்டி ஒரு சின்ன அசைவோடு 'டக்' என்று நிற்கலாம். அது இயல்பு. அதற்கு மேல் ஊர்ந்தால் இயல்பல்ல. வீடு திரும்பியதும் இரண்டு டிரம்மின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பக்கம் உரசிக்கொண்டிருக்கிறது. புது ஷூ போட்ட வண்டியை 500 கிலோமீட்டர் ஓடியபின் திரும்பத் தூக்கி, டிரம் அட்ஜஸ்டரை ஒரு முறை சரிபாருங்கள். லைனிங் படிந்து இடைவெளி கூடியிருக்கும்.

வாரக்கணக்கில் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கட்டை வைத்து நிறுத்துங்கள். ஈரத்தோடு இழுத்துவிட்டால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய வண்டியைக் கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பிய்த்தெடுக்காதீர்கள், லைனிங் ஷூவிலிருந்து உரிந்து டிரம்முக்குள் விழுந்துவிடும். லீவரைக் கீழே விட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் முகத்தைத் தோல் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, வண்டியை முன்னும் பின்னும் கையால் ஆட்டுங்கள். பெரும்பாலும் ஒரு 'டிக்' சத்தத்தோடு விடுபட்டுவிடும். விடுபட்ட பிறகும் ஒரு முறை டிரம்மைக் கழற்றி, துருவைத் தேய்த்து, லைனிங் ஷூவோடு முழுதாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்பே சாலைக்கு எடுங்கள்.